நாற்காலிக்குச் சில்லு பூட்டிய கதை



நடக்க இயலாத ஒருவன் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட வேண்டும் என்பது நெடுங்காலமாக உலகம் ஏற்றுக்கொண்டிருந்த விதி. அவ்விதியை மாற்ற முனைந்தோருள் ஒருவர், ஜெர்மனியில் நூரம்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள ஆல்ட்டோர்வ் என்னும் ஊரிலே வாழ்ந்த மணிக்கூட்டுத் தொழிலாளர். ஸ்ரெவான் ஃபார்ஃப்ளர் என்பது அவர் பெயர். கால்கள் வழங்காத அவ்விளைஞர், 1655ஆம் ஆண்டில், தம் இருபத்திரண்டாவது வயதில், கைகளாற் சுழற்றிச் செலுத்தும் முச்சில்லு வண்டியொன்றைத் தமக்கெனத் தாமே அமைத்துக்கொண்டார்.

அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாத் நகரிலே, வெந்நீரூற்றை நாடி வந்த நோயாளருக்கென நாற்காலி வண்டிகள் வழக்கில் வந்தன. ஆயினும் அவற்றைப் பிறரொருவர் தள்ளவோ இழுக்கவோ வேண்டியிருந்தது. போக்கிடத்தைத் தாமே தெரிந்து, தாமே செல்லும் உரிமை அங்கே கிட்டவில்லை.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் பிரித்தானிய அரசாங்கம் இயலாதோருக்கு எந்திரம் பூட்டிய முச்சில்லு வண்டிகளை வழங்கிற்று. இளநீல நிறங் கொண்ட அவ்வண்டிகளிலே ஓர் ஆசனமே உண்டு. மனைவியையோ குழந்தையையோ உடன் அழைத்துச் செல்ல வழியில்லை. அவை நிலைதளர்ந்து கவிழக்கூடியன என்ற முறைப்பாடும் எழுந்தது. 1976இல் அத்திட்டத்தைக் கைவிடுவதென முடிவாயிற்று. 2003 மார்ச் 31ஆந் திகதியுடன் அவ்வண்டிகள் வீதியினின்றும் விலக்கப்பட்டன.

இதற்கிடையில், 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே, அலன் தீம் என்பவர் நரம்பு நோயால் நடை தளர்ந்த தம் குடும்பத்தார் ஒருவருக்காக வேறொரு வண்டியைச் செய்தார். தாழ்ந்த மேடை, அதன்மேல் ஓர் ஆசனம், முன்னே கைப்பிடித் தண்டு, இயக்குதற்கு மின்கலம். இவ்வளவே அதன் அமைப்பு. ‘அமிகோ’ எனப் பெயரிட்டார். ஸ்பானிய மொழியில் ‘நண்பன்’ என்பது அதன் பொருள். இன்று இயங்கு ஸ்கூட்டர் என வழங்கும் ஊர்திக்கு அதுவே முன்னோடி.

வண்டி பிறந்தது, அது செல்லும் வழி யாது? நடைபாதையில் வண்டி செலுத்துவது குற்றம் என 1835ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் விதித்திருந்தது. நடப்போரைக் காக்க எழுந்த அச்சட்டத்துக்கு, நடக்க இயலாதோர் பொருட்டு 1970இல் விலக்களிக்கப்பட்டது. அவர்களும் நடப்போர் வரிசையிலே சேர்க்கப்பட்டனர் என்பதே இதன் உட்பொருள். 1988ஆம் ஆண்டு விதிகள் நடைபாதை வேகத்தை மணிக்கு 4 மைல் என வரையறுத்தன. வீதியிற் செல்லும் வகைக்கு 8 மைல் வேகமும், விளக்கும் ஒலிகருவியும் பின்காட்டும் கண்ணாடியும் விதிக்கப்பட்டன. 1865இல், மோட்டார் யுகத்துக்கு முற்பட்ட நீராவி வண்டிகளுக்கு நாட்டுப்புற வீதிகளில் விதித்த வேகமும் இதே 4 மைல்தான் என்பது சுவையான ஒற்றுமை. இரண்டும் மனிதன் விரைந்து நடக்கும் வேகத்தை ஒட்டியவை.

இவ்வூர்திக்கு அங்கே சாரதி அனுமதிப்பத்திரமும் வேண்டியதில்லை, பரீட்சையும் இல்லை. ஆகவே பொறுப்பு முழுவதும் செலுத்துவோரையே சாரும். முச்சில்லு வண்டி, விரைந்து திரும்பினால் ஒருபுறம் சாயும். எனவே வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். சரிவில் குறுக்கே திரும்பலாகாது. நடைபாதை விளிம்பை நேருக்கு நேராகவே ஏறி இறங்க வேண்டும். ஆசனத்தின் பின்னே பாரமான பைகளைத் தொங்கவிட்டால், மேட்டில் ஏறுகையில் முன்சில்லு மேலெழும். கைநெம்பை விட்டதும் வண்டி தானே நிற்கும். ஆனால் தள்ளிச் செல்வதற்காக மோட்டாரைத் துண்டித்து வைத்தால் அத்தடை செயற்படாது. சரிவில் அதனைத் தொடுவது ஆபத்தாகும்.

இவ்விதிகள் சிறியனவாகத் தோன்றலாம். ஆனால் ஒரு முதியவர் தாமாகக் கடைக்குச் சென்று மீள்வதும், வழியிலே நடந்து வரும் குழந்தை காயமின்றி வீடு சேர்வதும் இவற்றிலேயே தங்கியுள்ளன. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக மனிதன் தேடிப் பெற்ற இவ்வுரிமை, பிறர் நடக்கும் உரிமையை மதிக்கும்போதே நிலைபெறும்.