கறுப்புக் கட்டத்துக்கு இரண்டு அர்த்தம்

திருவண்ணாமலைக் கோயில் கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படிப்பது சுலபம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1989-90இல் இந்த ஊரைப் பற்றி வெளியிட்ட தொகுதிகளில் பி. ஆர். சீனிவாசன் அவற்றைப் பதிப்பித்திருக்கிறார். சுவருக்கு முன்னால் நின்று படிப்பதுதான் கஷ்டம். எழுத்து வடிவம்கூட நாலைந்து நாளில் பழகிவிடும். பழகாத விஷயம், புள்ளி இல்லாததுதான். இடைக்காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. கோயில் கல்வெட்டுகளில் சாதாரணமாக வரும் ‘நிவந்தம்’ என்ற சொல் கல்லில் ‘நிவநதம’ என்று நிற்கும். எங்கே புள்ளி வைப்பது என்பது படிப்பவர் பாடு.

நாம் எப்படி வைக்கிறோம்? ‘நிவ்நதம’ என்று யாரும் படிக்க மாட்டார்கள். வ் பக்கத்தில் ந வராது. ‘நிவநத்ம’ என்றும் இல்லை. த் பக்கத்தில் இன்னொரு த மட்டுமே வரும். இதை யாரும் நமக்கு உட்கார்ந்து சொல்லித்தரவில்லை, காதில் இருக்கிறது. ஆனால் இலக்கணக்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். மெய்ம்மயக்கம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்து பரீட்சை முடிந்ததும் மறந்த பகுதி அது. தொல்காப்பியத்தில் நூன்மரபிலும் நன்னூலில் எழுத்தியலிலும் வரும். எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரலாம் என்பதுதான் அதன் முழுச் செய்தியும்.

சூத்திரங்களாக இருப்பதால் அது பட்டியல்போலத் தெரிகிறது. உண்மையில் அது ஒரு மேட்ரிக்ஸ். 18 வரிசை, 18 நெடுவரிசை, மொத்தம் 324 கட்டம். வரலாம் என்றால் 1, கூடாது என்றால் 0. நான் இதை ஜே என்ற மொழியில் போட்டுப் பார்த்தேன். எண்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுற்றிச்சுற்றி வராமல் அட்டவணையை முழுசாக ஒரே பொருளாகக் கையாளும் மொழி அது. கென்னத் ஐவர்சன் 1962இல் ஒரு புத்தகமாக வெளியிட்ட ஏபிஎல் குறியீட்டின் வாரிசு. 1990இல் அவரும் ரோஜர் ஹுய்யும் சேர்ந்து உருவாக்கியது. அதில் வியூமேட் என்றொரு கருவி உண்டு. மேட்ரிக்ஸைக் கொடுத்தால் எண்ணுக்கு ஒரு நிறம் வைத்துக் கட்டங்களாக வரைந்துவிடும். நிறத்தை நாமே சொல்லலாம். பூஜ்யத்துக்குக் கறுப்பு, ஒன்றுக்கு வெள்ளை என்று வைத்தேன்.

நன்னூல் படமாக வந்தது. மூலைவிட்டம் கிட்டத்தட்ட முழுக்க வெள்ளை: க்க, ங்ங, ச்ச என்று தன்னோடு தானே சேரும் உடனிலை. இரண்டே இடத்தில் ஓட்டை, ர், ழ். க், ச், த், ப் வரிசைகளில் அந்த ஒற்றை வெள்ளைக் கட்டம் தவிர ஒன்றுமே இல்லை. ண், ன் இரண்டும் தாராளம். அவற்றின் வரிசைகள் ஒரே மாதிரி இருப்பது படத்தில்தான் சட்டென்று கண்ணில் பட்டது. ட, ற என்ற இனவெழுத்துகளில் மட்டும் வித்தியாசம்.

அடுத்து, இன்று எழுதும் தமிழ். தீபம், கிரிவலம் பற்றிய செய்திகளைக் கொஞ்சம் சேர்த்து, மெய்க்குப் பின் மெய் வரும் இடங்களை எண்ணினேன். கணினிக்கு இது எளிது, அதற்குப் புள்ளி தனி எழுத்து. கல்வெட்டில் இல்லாத சௌகரியம். எண்ணிக்கையை நிகழ்தகவாக்க ஒவ்வொரு வரிசையையும் அதன் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஜே மொழியில் அதற்கு இவ்வளவு போதும்: (%+/"1). இப்போது க் வரிசையில் புது வெளிச்சம். பக்தர், சக்தி, அக்னி. அக்னித் தலத்து ஊர்ச் செய்தியில் இந்த மூன்றும் இல்லாமல் எப்படி? அருணகிரிநாதரின் முதல் பாட்டு என்று மரபு சொல்லும் பாட்டில் ‘சத்தி’தான், ‘சக்தி’ இல்லை. கல்வெட்டு வெட்டியவர்கள் வடமொழிச் சொல் வரும்போது பெரும்பாலும் கிரந்த எழுத்துக்கே மாறிக்கொண்டார்கள். நாம்தான் இரண்டையும் ஒரே வரிசையில் உட்காரவைத்திருக்கிறோம். எனக்கு இதில் புகார் ஒன்றும் இல்லை. நன்னூலார் ‘கூடாது’ என்ற இடத்தில் நாம் ‘வருகிறது’ என்று எழுதியிருக்கிறோம், அவ்வளவுதான்.

வருகிறதை எண்ணும் பழக்கத்தை ஆரம்பித்தவர் மார்கோவ். 1913இல் புஷ்கினின் ‘யெவ்கெனி ஒனேகின்’ காவியத்திலிருந்து 20,000 எழுத்துகளைக் கையால் எண்ணினார். உயிர் 8,638, மெய் 11,362. உயிருக்குப் பின் உயிர் வரும் வாய்ப்பு 0.128, மெய்க்குப் பின் உயிர் வரும் வாய்ப்பு 0.663. நாலே கட்டம் கொண்ட மேட்ரிக்ஸுக்கு 20,000 எழுத்து. இந்த விகிதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட சிந்து எழுத்துத் தொகுப்பில் 417 குறிகள். குறிக்குப் பின் குறி என்று மேட்ரிக்ஸ் போட்டால் 1,73,889 கட்டம் வரும். தொகுப்பில் இருப்பதோ 2,906 பொறிப்புகள், அவற்றில் குறிகள் மொத்தமே 13,000 சொச்சம். எல்லா இணையும் வெவ்வேறாக இருந்தால்கூடப் பத்தில் ஒரு கட்டம் நிறையாது. 2009இல் ராஜேஷ் ராவ், மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தின் நிஷா யாதவ், மயங்க் வாகியா, சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ரணஜாய் அதிகாரி, மகாதேவன் ஆகியோர் இந்தத் தரவிலிருந்து மார்கோவ் மாதிரி ஒன்றைச் செய்தார்கள். அந்த நிகழ்தகவு மேட்ரிக்ஸின் வண்ணப் படமும் கட்டுரையில் உண்டு. குறிகள் குருட்டாம்போக்கில் வரவில்லை, ஒழுங்கு இருக்கிறது என்பது அவர்கள் வாதம். மேற்காசியாவில் கிடைத்த சிந்து முத்திரைகள் இந்த மாதிரிப்படி அபூர்வமானவை, அங்கே வேறு ஏதோ எழுதப்பட்டிருக்கலாம் என்றும் காட்டினார்கள். அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதே ஒழுங்கு மொழியல்லாத குறிகளிலும் வரலாமே என்று ரிச்சர்ட் ஸ்ப்ரோட் எதிர்த்தார். அந்தச் சண்டை தீரவில்லை.

ஆனால் எனக்குள்ள சந்தேகம் அதற்கும் முன்னாலேயே, படத்தின் கறுப்பில் இருக்கிறது. நன்னூல் படத்தில் கறுப்பு என்றால் தடை. சிந்துப் படத்தில் கறுப்பு என்றால் ‘இதுவரை கிடைக்கவில்லை’. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ராவ் குழுவினருக்கு இது தெரியும். அதனால்தான் பார்க்காத இணைகளுக்கும் சின்னதாக ஒரு நிகழ்தகவு பகிர்ந்து கொடுத்தார்கள். எவ்வளவு கொடுப்பது என்பது நாம் தேர்ந்தெடுக்கும் முறையைப் பொறுத்தது. அதைக் கல்லோ முத்திரையோ சொல்லாது.

வெள்ளையிலும் இதே சிக்கல் இருக்கிறது. ஒரு சின்னப் பத்தியில் வ் ஒரே ஒரு தடவை, ‘ஒவ்வொரு’ என்ற சொல்லில் வந்தால், வ்வ என்ற கட்டத்தின் நிகழ்தகவு 1. பளீரென்று எரியும். பத்தாயிரம் தடவை வந்தாலும் அதே பளீர். வராமலே போனால் இன்னும் வேடிக்கை. கூட்டுத்தொகை பூஜ்யம், பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டும். பழைய ஏபிஎல் இதற்கு 1 என்று விடை சொல்லும், வரிசை முழுக்க வெள்ளை. 0 ஆக இருக்க வேண்டும் என்று யூஜின் மெக்டானல் 1976இல் ஒரு கட்டுரையே எழுதினார். ஜே மொழி 0 என்கிறது, வரிசை முழுக்கக் கறுப்பு. ஒரே தரவு, ஒரே சூத்திரம். மொழி செய்தவர் எடுத்த முடிவு ஒன்றால் படம் தலைகீழ்.

அதனால் நான் நிகழ்தகவுப் படத்தைத் தனியாக வைத்துக்கொள்வதில்லை. பக்கத்திலேயே வகுப்பதற்கு முந்தைய எண்ணிக்கைப் படத்தையும் வரைந்துவிடுகிறேன். தீபச் செய்திகளின் எண்ணிக்கைப் படத்தில் ந்த, த்த, ன்ற, க்க நாலும் எரிகின்றன, மற்றவை மங்கல். க்த என்ற கட்டம் மங்கலிலும் எட்டிப்பார்க்கிறது.