பிரியாவிடைக் கச்சேரிச் சுவரொட்டி

ராக் இசைக்குழு ஒன்று கலையும்போதோ மேடையை விட்டு விலகும்போதோ நடத்தும் கடைசிக் கச்சேரிகளுக்கென்று வரையப்பட்டு, குறைந்த எண்ணிக்கையில் அச்சிடப்படும் ஓவியத் தாள். வழக்கமான சுவரொட்டியின் வேலை கூட்டத்தை அழைப்பது. பிரியாவிடைச் சுவரொட்டி பெரும்பாலும் நுழைவுச்சீட்டுகள் விற்றுத் தீர்ந்த பிறகு, கச்சேரி நாளில் அரங்கத்திலேயே விற்பனைக்கு வருகிறது. யாரையும் அழைக்க வேண்டியதில்லை என்பதால் ஓவியர் எழுத்தைச் சுருக்கிப் படத்துக்கு இடம் தரலாம். ஊர், அரங்கம், தேதி ஆகிய மூன்றை மட்டும் விட முடியாது. சேகரிப்பாளர் தேடுவது அந்த ஒரு இரவைத்தான்.

இக்கலையின் வேர் 1960களின் சான் ஃபிரான்சிஸ்கோ. 1966 ஆகஸ்ட் 29 அன்று கேண்டில்ஸ்டிக் பார்க்கில் நடந்த பீட்டில்ஸ் கச்சேரிக்கு வெஸ் வில்சன் சுவரொட்டி வரைந்தார். கட்டணம் வாங்கி அக்குழு நடத்திய கடைசிக் கச்சேரியாக அது அமைந்தது. அது கடைசி என்று முன்கூட்டி அறிவிக்கப்படாததால், பிரியாவிடைத் தாள் என்ற மதிப்பு அதற்குப் பின்னாளில் வந்து சேர்ந்தது.

அறிவித்து நடந்த விடைபெறலுக்குத் தக்க சான்று, கிரேட்ஃபுல் டெட் குழுவின் 50ஆம் ஆண்டையொட்டிய ‘ஃபேர் தீ வெல்’ கச்சேரிகள். 2015 ஜூன் 27, 28 தேதிகளில் கலிபோர்னியாவின் சான்டா கிளாராவிலும், ஜூலை 3, 4, 5 தேதிகளில் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டிலும் நடந்தன. அக்குழுவைச் சேர்ந்த ஜெர்ரி கார்சியா 1995 ஜூலை 9 அன்று குழுவோடு கடைசியாக வாசித்ததும் இந்தச் சோல்ஜர் ஃபீல்டில்தான்; அடுத்த மாதமே அவர் இறந்தார். அரங்கத்தின் பெயரே ரசிகர்களைக் கலங்கவைக்கும்போது, ஓவியர் சோகத்தைத் தனியாகக் கூட்டிக் காட்டத் தேவையில்லை.

கிரேட்ஃபுல் டெட் குழுவுக்கு வரைபவர் கையில் ஏற்கெனவே சின்னங்களின் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. அதில் முதன்மையானது ரோஜா சூடிய எலும்புக்கூடு. 1966 செப்டம்பரில் அவலான் பால்ரூம் கச்சேரிக்காக ஸ்டான்லி மவுஸும் ஆல்டன் கெல்லியும் அதைக் கொண்டுவந்தார்கள். மூலப்படம் அவர்களுடையதன்று. உமார் கய்யாம் பாடல்களின் ஆங்கிலப் பதிப்புக்கு எட்மண்ட் சல்லிவன் வரைந்திருந்த கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்தை நூலகத்தில் கண்டெடுத்து, வண்ணமும் எழுத்தும் சேர்த்தார்கள். கவிமணி தமிழுக்குத் தந்த அதே உமார் கய்யாம்தான். மண்டையோட்டுக்குள் மின்னல் பாயும் சின்னம் ஓஸ்லி ஸ்டான்லி, பாப் தாமஸ் இருவரின் ஆக்கம்; ஒலிக்கருவிப் பெட்டிகளை அடையாளம் காணத்தான் அது முதலில் பயன்பட்டது. வரிசையாக நடைபோடும் கரடிகளும் தாமஸ் வரைந்தவையே. இத்தனையையும் ஒரே தாளில் திணித்தால் படம் கண்காட்சிக் கடையாகிவிடும். ஒன்றிரண்டைத் தேர்ந்து அந்த ஊரின் அடையாளத்தோடு பிணைப்பதில்தான் ஓவியரின் திறமை தெரியும்.

ரசிகர்களும் இதில் பங்காளிகள். 1983 முதல் இக்குழுவின் நுழைவுச்சீட்டு அலுவலகம் அஞ்சல் வழியே சீட்டு விற்றது. விண்ணப்ப உறைகளில் ரசிகர்கள் ரோஜாவும் மண்டையோடும் வரைந்து அனுப்பினார்கள். 2015லும் அப்படிப் பல்லாயிரம் உறைகள் குவிந்தன. முந்தைய உறைகள் பலவற்றைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்திலுள்ள குழுவின் ஆவணக் காப்பகம் பாதுகாக்கிறது. பெயர் பெற்ற ஓவியரின் தாளுக்கு இணையாக இவற்றையும் வைத்துப் பார்ப்பதே நியாயம்.

சேகரிப்புத் தாள்களுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் விரும்பப்படுகிறது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித் திரை தயாராகும். திரையில் பூசிய மருந்து ஒளி பட்ட இடத்தில் இறுகும். படம் மறைத்த இடம் நீரில் கரைந்து வழிவிடும். அதன் வழியே ரப்பர் பட்டையால் மையை இழுப்பார்கள். பெரும்பாலும் வெளிர் வண்ணங்கள் முதலில் இறங்கும். கறுப்புக் கோடு கடைசியில் வந்து எல்லாவற்றையும் கட்டும். தாள் இம்மி நகர்ந்தாலும் வண்ணங்களுக்கு இடையே வெள்ளைக் கீற்று தெரியும் என்பதால், அடுத்தடுத்த வண்ணங்கள் சிறிது ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படியே வரைவார்கள். 18 × 24 அங்குலம் பரவலான அளவு. கீழ் ஓரத்தில் ஓவியர் பென்சிலால் கையொப்பமிட்டு, 27/500 என்பதுபோல வரிசை எண்ணையும் மொத்த எண்ணிக்கையையும் குறிப்பார். பளபளக்கும் ஃபாயில் தாளில் இன்னும் குறைவாக அச்சாகும் பிரதிகளுக்கு விலை கூடும். ஆனால் ஒளிச்சிதறலில் நுண்கோடுகள் மறைவதால் ஓவியமாகப் பார்க்கச் சாதாரணத் தாளே மேல்.

விடைபெற்ற குழு திரும்பி வருவதும் உண்டு. ‘ஃபேர் தீ வெல்’ நடந்த அதே 2015இன் இலையுதிர் காலத்தில் கிரேட்ஃபுல் டெட் குழுவின் பாப் வியர், மிக்கி ஹார்ட், பில் குரூட்ஸ்மன் மூவரும் டெட் அண்ட் கம்பெனி என்ற பெயரில் மீண்டும் மேடையேறினார்கள். அக்குழுவின் இறுதிப் பயணம் 2023 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோவில் முடிந்தது. ஆனாலும் 2024இல் அக்குழுவே லாஸ் வேகாஸின் ஸ்ஃபியர் அரங்கில் தொடர் கச்சேரிகள் நடத்தியது. அதனால் முன்னைய தாள்கள் பொய்யாகிவிடவில்லை. தேதியும் அரங்கமும் பொறித்த தாள் அந்த இரவுக்கு மட்டுமே சாட்சி.