மெய்ப்புத் திருத்துநரும் தமிழ்ப் பதிப்பு மரபும்

நூல் ஒன்று உருவாதற்குக் காரணமாவோர் பலர். ஆக்கியோன் பெயர் முகப்பில் பொறிக்கப்படுகின்றது. பதிப்பித்தோர், அச்சிட்டோர் பெயர்கள் அதன் பின்பக்கத்தில் இடம்பெறுகின்றன. அச்சேறுமுன் ஒவ்வோர் எழுத்தையும் நோக்கிப் பிழை களைந்தவர் பெயரோ பெரும்பாலும் எங்கும் காணப்படுவதில்லை. அவரே மெய்ப்புத் திருத்துநர். எழுத்துக் கோத்தபின் ஒற்றியெடுக்கும் படியை அச்சகத்தார் 'புரூப்' என்று வழங்கினர். அதுவே மெய்ப்பு எனப்படுகின்றது. ஆசிரியன் தானே மெய்ப்பைத் திருத்திக்கொள்ளலாகாதோ, பிறர் ஒருவர் எதற்கு என்னும் வினா கற்றோரிடத்தும் எழுவதுண்டு. அவ்வினாவுக்குத் தமிழ்ப் பதிப்பு வரலாறே விடை பகர்கின்றது என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யான் இவ்வாராய்ச்சியிற் புகுந்தமைக்கு என் பிழையொன்றே காரணம். சில ஆண்டுகட்கு முன், என் முனைவர்ப் பட்ட ஆய்வேடு தேனாம்பேட்டையில் உள்ள ஓர் அச்சகத்தில் நூலாக அச்சாயிற்று. மெய்ப்பை மும்முறை யானே படித்தேன். பிறர் உதவியை நாடவில்லை. பழைய உரையாசிரியர் ஒருவரின் காலம் பற்றி வழங்கும் கருத்தொன்றை மறுத்து, 'ஏற்கத்தக்கதன்று' என முடித்திருந்தேன். அச்சிலோ அது 'ஏற்கத்தக்கது' என்று நின்றுவிட்டது. இரண்டாண்டு கழித்து மாணவர் ஒருவரின் ஆய்வேட்டைப் பார்வையிட நேர்ந்தது. யான் மறுத்த கருத்துக்கு என்னையே அவர் சான்றாக எடுத்துக் காட்டியிருந்தார். அவர்மீது குற்றமில்லை. மும்முறை படித்தும் அப்பிழை என் கண்ணிற் படாதது ஏன் என்று அன்று எண்ணத் தொடங்கினேன்.

1. ஏட்டுக் காலம்

அச்சு வருமுன் தமிழ் நூல்கள் ஓலையில் வாழ்ந்தன. ஏடெழுதுவோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுவது அரிது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேறுபாடின்றி எழுதப்பட்டன. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே காணப்பட்டன. சொற்களுக்கிடையே இடைவெளியில்லை. ஆகவே ஏட்டைப் படிப்பதே ஒரு திருத்தமாக இருந்தது. இலக்கணமும் பொருளும் அறிந்தவரே 'இவ்விடத்து இன்ன எழுத்து' என்று துணிய வல்லவர். எகர ஏகார, ஒகர ஓகாரங்களை வடிவால் வேறுபடுத்திய சிறப்பு வீரமாமுனிவர்க்கு (1680-1747) உரியதாகக் கூறப்படும்.

இத்தகைய சூழலில் நம் முன்னோர், ஆக்கியோன் வேறு, ஆராய்வோன் வேறு என்னும் முறையைக் கைக்கொண்டனர். புதுநூல் அவையில் அரங்கேறிய பின்னரே உலகில் வழங்கிற்று. கேட்போர் ஐயம் எழுப்பினர், ஆக்கியோன் விடையிறுத்தான், வேண்டுமிடத்துத் திருத்திக்கொண்டான். இறையனார் அகப்பொருளுக்கு உரை கண்ட வரலாறும் ஈண்டு நினையத்தக்கது. பலர் உரை செய்தபோது எது மெய்யுரை எனத் துணிதற்குப் பேசா மகனாகிய உருத்திரசன்மனைக் கேட்போனாக அமர்த்தினர் என்பது அவ்வுரைப்பாயிரம் தரும் செய்தி. இது வரலாற்று நிகழ்ச்சியோ புனைவோ என்பது வேறு ஆராய்ச்சி. தான் செய்ததற்குத் தானே நடுவனாதல் பொருந்தாது என்னும் கருத்து அதன்கண் பொதிந்திருத்தல் தெளிவு.

2. அச்சு வந்த பின்னர்

1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. 16 பக்கங்களையுடைய அச்சிறு நூலே தமிழெழுத்தில் அச்சான நூல்களுள் இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழையது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு முதலியோரின் அச்சுப்பணி 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. எனினும் பழந்தமிழ் இலக்கியம் அச்சேறுதற்கு 19-ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. 1812-இல் திருக்குறள் மூலம் சென்னையில் வெளிப்பட்டது. அச்சிடுமுன் அதனைப் பிழையற ஆராய்ந்த பணியோடு திருநெல்வேலி அம்பலவாண கவிராயர் போன்ற புலவர்களின் பெயர்கள் இணைந்துள்ளன. அச்சிட முனைந்தோர், புலவர் பார்வையின்றி அதனைச் செய்யத் துணியவில்லை.

அதற்குத் தக்க காரணம் உண்டு. ஏட்டில் நேர்ந்த பிழை ஓர் ஏட்டோடும் அதன் வழிப் படிகளோடும் நிற்கும். வேறு வழி வந்த ஏடு அதனைக் காட்டிக்கொடுக்கும். அச்சில் நேர்ந்த பிழையோ ஒரே நாளில் ஆயிரம் படிகளில் ஒன்றுபோற் பதிந்துவிடும். ஒப்பிட்டு அறிதற்கு வேறு படி எஞ்சாது. 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியர் தடையின்றி அச்சுக்கூடம் நிறுவ வழி பிறந்தது. நூல்கள் பெருகின; அவற்றோடு பிழைகளும் பெருகின.

அந்நூற்றாண்டில் செம்பதிப்புக்கு எடுத்துக்காட்டாக விளங்கியவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879). பெர்சிவல் பாதிரியாருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய விவிலிய மொழிபெயர்ப்பு, சென்னையில் மழவை மகாலிங்கையரின் ஆராய்வுக்கு வைக்கப்பட்டு அவரது பாராட்டைப் பெற்றது. பின்னாளிற் பிறர்க்கெல்லாம் பிழை திருத்திய பெரும்புலவரின் எழுத்தும் தொடக்கத்தில் ஒரு புறக்கண்ணுக்கு உட்பட்டதே. 1868-இல் சி. வை. தாமோதரம் பிள்ளை தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தைப் பதிப்பித்தபோது பரிசோதித்தவர் நாவலர். பரிசோதித்தல் ஒரு தொழில், பதிப்பித்தல் மற்றொரு தொழில் என இரண்டும் பிரித்துணரப்பட்டமை நோக்கத்தக்கது. தாமோதரம் பிள்ளையும் தமிழ்ப்புலமை குறைந்தவர் அல்லர். ஆயினும் தம் கண்ணொன்றையே அவர் நம்பவில்லை.

உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட வரலாறும் இதனையே வலியுறுத்தும். அவர் அப்போது கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர். நூல் அச்சானதோ சென்னைத் திராவிட ரத்நாகர அச்சுக்கூடத்தில். விடுமுறை தோறும் சென்னைக்கு வந்து தங்கி மெய்ப்புப் பார்த்தார். சென்னையில் இருந்த சோடசாவதானம் சுப்பராய செட்டியார் போன்றோர் அவர்க்குத் துணைநின்றனர். அவ்வளவு உழைத்தும் ஐயர் அப்பதிப்பை முடிந்த முடிபாகக் கொண்டாரல்லர். 1907-இலும் 1922-இலும் வந்த பதிப்புக்களில் திருத்தங்கள் செய்தார். பிழையுண்டு என ஒப்புக்கொள்ளும் நேர்மையே அவரது பதிப்பின் பெருமைக்கு அடிப்படை எனலாம்.

20-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் மர்ரே எஸ். ராஜம், எஸ். வையாபுரிப் பிள்ளை முதலிய அறிஞர்களின் துணையைப் பெற்று, பழைய இலக்கியங்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டார். அவர் பணியின் வழிவந்த சாந்தி சாதனா, தேனாம்பேட்டையை அடுத்த சேமியர்ஸ் சாலையிலிருந்து வரலாற்று முறைத் தமிழ் இலக்கியப் பேரகராதியை வெளியிட்டது. பலர் கூடிப் பார்த்தாலன்றிச் செம்மை கைகூடாது என்னும் மரபு, இவ்வாறு நம் வீட்டருகிலேயே தொடர்ந்து வந்துளது.

3. பிழைதிருத்தும் தொழில்

ஈய எழுத்துக் காலத்தில் அச்சகந்தோறும் பிழைதிருத்துநர் இருந்தனர். எழுத்தாளர் ஜெயகாந்தனும் இளமையில் அப்பணி செய்தவரே. எழுத்துக்கோப்பாளர் அறைப்பெட்டிகளிலிருந்து எழுத்துக்களை எடுத்து அடுக்குவார். அதிலிருந்து முதலில் நீளப்படியும், பக்கம் கட்டியபின் பக்கப்படியும் ஒற்றப்படும். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க மற்றவர் மெய்ப்பைப் பார்த்துவருவது வழக்கம்.

இம்முறையில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. இன்றைய பேச்சில் ணகர னகரங்கள் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. ரகர றகரங்களும் பெரும்பாலோர் வாயில் வேறுபடுவதில்லை. எனவே காதால் மட்டும் கேட்போர்க்குப் 'பணி'யும் 'பனி'யும் ஒன்றே. 'அரை'யும் 'அறை'யும் ஒன்றே. ஆதலின் படிப்பவர் 'மூன்று சுழி', 'இரண்டு சுழி' என்று எழுத்தைச் சுட்டிச் சொல்லுவார். ஒற்று மிகுமிடங்களையும் தனித்துக் கூறுவார். 'வேலை கொடுத்தான்' என்பது பணி தந்தான் எனவும், 'வேலைக் கொடுத்தான்' என்பது வேற்படையைத் தந்தான் எனவும் பொருள்படுதலின், ஒரு ககர ஒற்று ஒரு தொடரின் பொருளையே மாற்றிவிடும்.

ஆசிரியன் கண்ணுக்கு இவை புலப்படாமைக்குக் காரணம் யாது? அவன் தாளில் உள்ளதைப் படிப்பதில்லை; தன் நெஞ்சில் உள்ளதைப் படிக்கின்றான். விடுபட்ட சொல்லை நினைவு தானே இட்டு நிரப்புகின்றது. 'அன்று' என்னும் சொல் என் நூலில் இல்லாதிருந்தும் மும்முறையும் அதனை யான் 'கண்ட'து இவ்வாறே. பொருளை முன்னரே அறிந்திருத்தல் புலமைக்கு வலிமை. மெய்ப்புக்கு அதுவே குறை.

4. கணினிக் காலம்

இந்நாளில் ஆசிரியனே தட்டச்சிடுகின்றான், எழுத்துக்கோப்பாளர் மறைந்தார், அவரோடு அச்சகப் பிழைதிருத்துநரும் அருகினார். கணினிப் பிழைதிருத்தி அவர் இடத்தை நிரப்பும் எனச் சிலர் கருதுவர். அகராதியில் இல்லாத சொல்லை அது நன்கு காட்டும். அவ்வளவில் அது பயனுடையதே. ஆயின் 'பனி செய்தான்' என்பதில் இரு சொற்களும் அகராதியில் உள்ளவை. 'ஏற்கத்தக்கது' என்பதும் பிழையற்ற சொல்லே. சொல் சரியாக இருந்து கருத்துத் தவறும் இடம் அதற்கு எளிதில் அகப்படுவதில்லை.

புதிய மயக்கங்களும் தோன்றியுள்ளன. 'கௌ' என ஔகாரக் குறியீட்டால் எழுதியதும், 'கெ' என்பதை அடுத்து ளகரத்தை இட்டு எழுதியதும் பல எழுத்துருக்களில் கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. தேடுவோர்க்குச் சொல் அகப்படாது. பழைய எழுத்துருக்களினின்று ஒருங்குறிக்கு மாற்றும்போதும் எழுத்துக்கள் பிறழ்வதுண்டு. 1978-ஆம் ஆண்டு அரசாணையால் ணா, றா, னா, ணை, லை முதலியவற்றின் வடிவம் மாறியமையால், அதற்கு முற்பட்ட நூல்களைப் பார்த்துத் தட்டச்சிடும் இளைஞர் அவ்வடிவங்களில் இடறுவதையும் காண்கின்றோம். ஓலையில் காலும் ரகரமும் மயங்கியது போலத் திரையிலும் மயக்கம் உளது. அதனைத் தெளிவிக்கும் கண் மட்டும் குறைந்துவிட்டது.

5. துணைகொள்ளும் முறை

ஆகவே நூலோ ஆய்வேடோ எழுதுவோர் தொழிலறிந்த மெய்ப்புத் திருத்துநரைத் தாமே தேடிக்கொள்ளுதல் கடமையாகின்றது. அதற்குரிய முறையைச் சுருங்கக் கூறுவாம்.

முதலாவது, வேண்டும் பணி யாதெனத் தெளிதல் வேண்டும். நடையையும் அமைப்பையும் சீர்செய்வது செம்மையாக்கம். முடிந்த எழுத்தை மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை களைவது மெய்ப்புத் திருத்தம். முன்னதை முடித்த பின்னரே பின்னதற்குக் கொடுத்தல் வேண்டும். திருத்துநர் கையில் நூல் இருக்கும்போது ஆசிரியன் புதிய பத்திகளைச் சேர்த்தல் ஆகாது. இரண்டாவது, சில பக்கங்களை முதலிற் கொடுத்து அவர் திறத்தை அறிதல் நன்று. பழம்பாடல் மிகுந்த ஆய்வேட்டுக்கு யாப்பறிந்தவரும், அறிவியல் நூலுக்குக் கலைச்சொல் அறிந்தவரும் தக்கவர்.

மூன்றாவது, ஒரு குறிப்புத்தாள் உடன் தருதல் வேண்டும். பிறமொழிப் பெயர்களை எவ்வாறு எழுதுவது, கிரந்த எழுத்துக் கொள்வதா தவிர்ப்பதா, சந்தி பிரிப்பது எவ்வளவு, மேற்கோள்கள் எப்பதிப்பைத் தழுவியவை என்பன அதில் இடம்பெறல் வேண்டும். இன்றேல் ஆசிரியன் கருதிச் செய்ததைத் திருத்துநர் பிழையெனக் கொண்டு மாற்றுதல் கூடும். மேற்கோளில் உள்ள பாடவேறுபாடும் அவ்வாறு அழிதல் கூடும். நான்காவது, ஐயமுள்ள இடத்தைத் தாமே மாற்றாது ஓரத்தில் வினாக்குறியிடச் சொல்லுதல் வேண்டும். முடிவு ஆசிரியனுடையது, பொறுப்பும் அவனுடையதே. ஐந்தாவது, திருத்தங்களைச் சேர்த்த பின் எடுத்த படியை மீண்டும் ஒப்பிடுதல் வேண்டும். ஒரு பிழையைக் களையும்போது மற்றொன்று புகுதல் அச்சுலகம் கண்ட உண்மை. இறுதியாக, உழைப்புக்குத் தக்க ஊதியமும் முன்னுரையில் அவர் பெயரும் தருதல் அறம்.

என் நூலின் மறுபதிப்புக்கு, ஈய எழுத்துக் காலத்தே தொழில் பயின்ற முதியவர் ஒருவரை நாடினேன். 'ஏற்கத்தக்கது' என்ற பிழையைப் பற்றி அவரிடம் ஒன்றும் கூறவில்லை. கூறாது சோதித்தேன் என்பதே உண்மை. பத்து நாளில் படியைத் திருப்பித் தந்தார். அத்தொடருக்கு நேரே ஓரத்தில் வினாக்குறியிட்டு, 'முன் இயலில் மறுத்தீர்கள், இங்கு ஏற்கின்றீர்களா?' என்று எழுதியிருந்தார். அவ்வுரையாசிரியரின் காலம் பற்றி அவர் யாதும் ஆராய்ந்தவர் அல்லர். நூலில் இருந்ததை இருந்தவாறே படித்தார். விடுபட்ட 'அன்று' என்னும் சொல் மறுபதிப்பில் இடம்பெற்றது. அதன் முன்னுரையில் அவர் பெயரும் இடம்பெற்றது. அம்மாணவர்க்கும் ஒரு படி அனுப்பினேன்.