ஐடா ஸ்கடர்

ஐடா சோபியா ஸ்கடர் (டிசம்பர் 9, 1870 - மே 24, 1960) தமிழ்நாட்டில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மற்றும் மருத்துவமனையை நிறுவியவர் இவரே.

பிறப்பும் குடும்பமும்

ஐடா இராணிப்பேட்டையில் பிறந்தார். இவரது பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்த மருத்துவ மறைப்பணியாளர். தந்தையாரும் மருத்துவரே. ஐடா அமெரிக்காவில் பள்ளிக்கல்வி பெற்று, நோயுற்ற தாயாருக்குத் துணையாக 1890இல் திண்டிவனம் வந்தார். அக்காலத்தில் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த இவ்வூர் இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது.

திண்டிவனம் நிகழ்வு

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூவர், பேறுகால வேதனையில் இருந்த தத்தம் மனைவியரைக் காக்குமாறு ஐடாவிடம் வேண்டினர். ஐடா மருத்துவம் பயிலாதவர். மருத்துவரான தம் தந்தையார் வருவார் என்றார். அயல் ஆடவர் பெண்களைப் பார்ப்பது வழக்கமன்று என மூவரும் மறுத்துவிட்டனர். மறுநாள் அப்பெண்கள் மூவரும் இறந்த செய்தி கிடைத்தது. மருத்துவத் தொழிலை விரும்பாதிருந்த ஐடா, இதன்பின் மருத்துவம் பயில முடிவு செய்தார்.

மருத்துவப் பணி

1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் இந்தியா திரும்பினார். வேலூரில் தம் இல்லத்திலேயே சிகிச்சை அளிக்கத் தொடங்கினார். ஷெல் என்பவர் தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலர் நன்கொடையைக் கொண்டு 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை திறக்கப்பட்டது. 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கப்பட்டன. 1947 முதல் ஆண்களும் மருத்துவப் படிப்பில் சேர்க்கப்பட்டனர். ஐடா கொடைக்கானலில் காலமானார்.

மருத்துவ அறநெறி நோக்கில்

அறிவொளிக் காலத்து ஆங்கில மருத்துவர் தாமஸ் பெர்சிவல் 1803இல் மருத்துவ அறநெறி பற்றிய நூலை வெளியிட்டார். நோய்க்குறிகளைப் போலவே நோயாளியின் உணர்வுகளையும் மருத்துவர் கருத்தில் கொள்ள வேண்டும் என்பது அவர் வகுத்த நெறிகளுள் ஒன்று. திண்டிவனத்தில் மருத்துவர் இருந்தும் அப்பெண்களுக்குச் சிகிச்சை கிட்டவில்லை. ஏற்கத்தக்க வடிவில் கிடைக்காத மருத்துவம் இல்லாததற்கு ஒப்பானது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. எனினும், மறுத்தவர்கள் கணவன்மாரே. அப்பெண்களின் விருப்பம் யாதென எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நோயாளியின் ஒப்புதலை நோயாளியிடமே பெறவேண்டும் என்ற இன்றைய நெறியின் தேவையையும் இது உணர்த்துகிறது. பெண்களையே மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் பயிற்றுவித்தது, இச்சிக்கலுக்கு ஐடா கண்ட தீர்வாகும்.