செருப்புக் கால்களும் விமானப் படிக்கட்டும்

கடையநல்லூருக்கு விமானம் புதிதல்ல. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிற பலர் செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறுகிறார்கள். அது அவரவர் கைக்காசு. நாட்டின் மூலைமுடுக்குகளுக்கு விமானம் விட அரசு செலவழித்த பொதுப்பணத்தில் நமக்கு என்ன பங்கு கிடைத்தது? நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

1981 ஜனவரியில் 'வாயுதூத்' தொடங்கப்பட்டது. இந்தியன் ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா என்ற இரண்டு பொதுத்துறை நிறுவனங்களும் சேர்ந்து அதை நடத்தின. முதலில் வடகிழக்கு மலைப்பகுதிகளுக்கும், பிறகு பெரிய விமானம் போகாத சிறிய ஊர்களுக்கும் சின்ன விமானங்களை விட்டது. தூத்துக்குடிக்கு 1992-ல் வந்த அதன் சேவை நிலைக்கவில்லை. நட்டம் பெருகி, 1993-ல் வாயுதூத் இந்தியன் ஏர்லைன்சுடன் இணைக்கப்பட்டது.

வாயுதூத் பிறந்த அடுத்த மாதம், 1981 பிப்ரவரி 19 அன்று, தென்காசிப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. டெல்லித் தலைவர்கள் அடுக்கடுக்காக வந்து போனார்கள். தொலைதூர மக்களை நாட்டோடு இணைக்கிறோம் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில், பக்கத்துத் தெருவோடுகூட இணைய முடியாமல் நம் மக்கள் இருந்தார்கள்.

வண்டி ஊருக்கு வந்துவிட்டால் நாம் ஏறிவிட்டோம் என்று பொருளில்லை. பேருந்தின் வரலாறே இதற்குச் சாட்சி. 1920களின் இறுதியில் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. 1995 ஜூலையில் வீரசிகாமணியில் பேருந்து ஓட்டுநருக்கும் தலித் மாணவர்களுக்கும் மூண்ட தகராறு தென்மாவட்டக் கலவரமாகப் பரவியது. அடுத்த மாதமே கொடியன்குளம் காவல்துறையால் சூறையாடப்பட்டது. 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததும் எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களே நீக்கப்பட்டன.

இப்போது 'உடான்' திட்டத்துக்கு வருவோம். 2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. ரப்பர் செருப்பு போட்டவரும் விமானம் ஏற வேண்டும் என்றார் பிரதமர். சாதித் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். அந்த வாக்குறுதியை நாம் மற்றவர்களைவிடக் கவனமாகவே கேட்போம்.

இத்திட்டத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சுமார் 2,500 ரூபாய் என ஒரு பகுதி இருக்கைகளுக்கு உச்சவரம்பு வைக்கப்பட்டது. அதனால் வரும் இழப்பை ஈடுகட்ட நிறுவனங்களுக்கு மூன்று ஆண்டு மானியம் உண்டு. பெரிய வழித்தட விமானங்கள் மீதான தீர்வையிலிருந்து அந்தப் பணம் வருகிறது. மாநில அரசும் பங்கு தருகிறது. சேலத்துக்கு 2018 மார்ச்சில் இப்படித்தான் விமானம் வந்தது. 2021-ல் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது.

பயணச்சீட்டு இதில் பாதிக் கதைதான். மீதிப் பாதி வேலைவாய்ப்பு. வாயுதூத் காலத்தில் சின்ன ஊருக்கு விமானம் விட்டது பொதுத்துறை. பொதுத்துறை என்றால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு உண்டு. இன்று அதே வேலையைப் பெரும்பாலும் தனியார் செய்கிறார்கள். மானியம் பொதுப்பணம், வேலையில் இடஒதுக்கீடு கிடையாது. 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா டாடா கைக்குப் போனபோது அங்கிருந்த இடஒதுக்கீட்டுக் கதவும் சாத்தப்பட்டது. அதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை.

விமானம் நமக்கு எதற்கு என்று ஒதுங்க வேண்டாம். பேருந்தில் உட்கார இடம் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள், விமானி அறையிலும் பராமரிப்புக் கூடத்திலும் இடம் கேட்பதில் என்ன தவறு? மாணவத் தோழர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு போடலாம். உடான் மானியம் எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு போனது, மானியத்துக்கு ஈடாக வேலைவாய்ப்பில் ஏதாவது நிபந்தனை உண்டா என்று கேளுங்கள். மானியம் வாங்கும் தனியாரிடம் இடஒதுக்கீடு கேட்கும் நம் வாதத்துக்கு அந்தப் பதில் வலு சேர்க்கும்.