முசாஷி: ஈயின் மயிரில் பிறந்த பெயர்

முசாஷி என்பது ஒரு புரதத்தின் பெயர். மரபணுவின் செய்தியைச் சுமந்துவரும் ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு, அந்தச் செய்தி புரதமாக மாறுவதைக் கட்டுப்படுத்துவது இதன் தொழில். இதற்கு ஜப்பானிய வாள்வீரர் ஒருவரின் பெயர் வந்தது பழ ஈயால்.

பழ ஈயின் உடலில் உணர்மயிர்கள் உண்டு. ஒரு தாய்ச்செல் இரண்டாகப் பிரியும். ஒரு சேய்ச்செல் மயிரையும் அது பதியும் குழியையும் உண்டாக்கும். மற்றது நரம்பைத் தரும். குறிப்பிட்ட மரபணு ஒன்று பழுதான ஈக்களில் நரம்பு தரவேண்டிய செல்லும் மயிர்ச்செல்லாகிவிட, ஒரு மயிர் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு நின்றன. இதை ஆராய்ந்த நகமுரா, ஒகானோ, பிளெண்டி, மான்டெல் ஆகியோர் 1994இல் 'நியூரான்' இதழில் அந்த மரபணுவை முசாஷி என்ற பெயரில் அறிவித்தார்கள். 1645இல் மறைந்த மியாமோட்டோ முசாஷி, இரு கைகளிலும் வாளேந்திப் பொரும் முறைக்குப் பேர்போனவர்.

ஈ ஆய்வில் மரபணு கெட்டால் என்ன நேருமோ அதுவே பெரும்பாலும் அதன் பெயராகும். சிறகோரம் வெட்டுப்பட்டால் 'நாட்ச்'. உணர்நரம்புகள் இல்லாமற்போனால் 'நம்', அதாவது மரத்துப்போனது. அதன்படி முசாஷி என்ற பெயர் குறிப்பதும் கேட்டைத்தான். இரட்டை மயிர் முளைக்காமல் தடுப்பதே புரதத்தின் உண்மையான பணி.

பாலூட்டிகளிலும் முசாஷி (முசாஷி-1, முசாஷி-2 என இரு வடிவங்களில்) இருப்பது பின்னர் தெரிந்தது. அங்கே அது 'நம்' மரபணுவின் ஆர்.என்.ஏ.வைப் பிடித்து, அந்தப் புரதம் உருவாவதை அடக்குகிறது என்று 2001இல் கண்டார்கள். 'நம்' குறைந்தால் 'நாட்ச்' ஓங்கும். செல் முதிராமல் பிரிந்துகொண்டே இருக்கும். ஸ்டெம் செல்லுக்கு அளவோடு வேண்டிய இந்த நிலை, அளவு மீறினால் ஆபத்தாகிறது. நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் முற்றிக் கடுமையாகும் கட்டத்தில் முசாஷி-2 மிகுந்து, 'நம்' குறைந்திருப்பதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது.

மூளையிலோ இதன் மறுபக்கம் தெரிகிறது. முசாஷி-1 மரபணுவில் பரம்பரைப் பழுது உள்ளவர்களுக்குத் தலை சிறுத்திருப்பதையும், ஜிகா வைரஸின் ஆர்.என்.ஏ.வோடு இப்புரதம் ஒட்டி அந்த வைரஸ் பெருகத் துணைபோவதையும் 2017இல் அறிந்தார்கள்.

பெயர் பதிவு செய்திருப்பது முசாஷி இல்லாமையின் விளைவை மட்டுமே. அது மிகுந்தால் வரும் கேட்டைப் புற்றுநோய் காட்டியது. நலமான இரத்த ஸ்டெம் செல்களுக்கும் முசாஷி தேவை. ஆகவே இதை அடக்க மருந்து தேடுவோர், புற்றுச் செல்லில் அதன் பிடியைத் தளர்த்தும்போதே நல்ல செல்லின் தேவையையும் காக்க வேண்டியிருக்கிறது.