படிக்கிணறும் நரம்புச் சிலந்தியும்



நரம்புச் சிலந்தி பற்றி நைனார்பாளையத்துப் பெரியவங்க சிலராவது கேள்விப்பட்டிருப்பீங்க. காலில் கொப்புளம் வெடித்து, இரண்டு முழ நீளப் புழு மெல்ல வெளிவரும். நடவு நேரத்தில் ஆள் படுத்துவிட்டால் குடும்பம் என்ன ஆகும்?

புண்ணோடு படிக்கிணற்றில் இறங்கினால் புழுக்குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும். அவற்றைச் சின்ன நீர்ப்பூச்சி தின்னும். அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்குச் சுமார் ஓராண்டில் நோய் வெளிப்படும். இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. தண்ணீரைத் திருத்துவது ஒன்றே வழி.

அந்த வேலை யாருடையது? 1884-ஆம் ஆண்டுச் சட்டம் ரோடு, ஆஸ்பத்திரி, துப்புரவு வேலைகளை ஜில்லா போர்டு, தாலுகா போர்டுகளிடம் ஒப்படைத்தது. 1939-ல் வந்த சென்னைப் பொது சுகாதாரச் சட்டம், இந்தியாவிலேயே இவ்வகையில் முதலாவது. குடிதண்ணீர் தருவது உள்ளாட்சியின் கடமை என்றது அது.

1983-ல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. படிக்கிணறுகள் மாற்றிக் கட்டப்பட்டன, கைப்பம்புகள் வந்தன, தண்ணீரைத் துணியில் வடிகட்டக் கற்றுக்கொடுத்தார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது.

ஊசியில்லாமல் ஒரு நோயையே விரட்டினோம். ஆகவே குடிநீர்க் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டுங்க, பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லி ஊராட்சியைக் கேளுங்க. மருந்து தெளிப்பானை அங்கே கழுவாதீங்க.